குரலுக்காக அழுகிறோம், மூக்கை மறந்துவிடுகிறோம்

குரல்வளையை எடுக்கும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் அறைக்கு வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மறுபடி பேச்சு வருமா மேடம்?" கேட்பது பெரும்பாலும் மனைவி அல்லது மகள். நோயாளி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன், வேறு கேள்வியோடு உள்ளே வந்த குடும்பம் எனக்கு நினைவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுக்கும் அறுவையை 1873 டிசம்பர் கடைசி நாளில் வியன்னாவில் முதன்முதலாகச் செய்தவர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர். அந்த நோயாளிக்கு என்று அவருடைய உதவியாளர் குஸ்ஸன்பவர் செய்து கொடுத்ததும் ஒரு செயற்கைக் குரல்வளையைத்தான். அப்போதிலிருந்தே எல்லோருக்கும் குரல்தான் கவலை.

பேச்சு வரும். அதற்கு மூன்று வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போன ஒரே மாதத்தில் இவர்களைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வைப்பது பேச்சு வராத குறை இல்லை, மூக்கு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது யாரும் செய்யவில்லை என்பதுதான்.

குரல்வளையை எடுத்தபின் மூச்சுக்குழாயின் மேல் முனையைக் கழுத்தின் முன்பக்கத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அந்த ஓட்டை தற்காலிகம் இல்லை, வாழ்நாள் முழுவதும் மூச்சு அந்த வழியாகத்தான். வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோடு இருந்த தொடர்பு அன்றோடு முடிந்தது. இதில் ஒரு நல்லதும் உண்டு, சாப்பிடும்போது புரையேறாது. கெட்டது நிறைய. மூக்கு சும்மா காற்றை உள்ளே விடும் வாசல் இல்லை. வருகிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டித்தான் உள்ளே அனுப்பும். இப்போது மார்கழிக் குளிரும் பஸ் புகையும் நேராக நுரையீரலுக்குப் போகின்றன, நுரையீரல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இன்னும் சளியைச் சுரக்கிறது. அந்தச் சளி காய்ந்து, கட்டியாகி, ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டையை அடைக்கும்போதுதான் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள்.

இதற்கென்றே ஓட்டையின்மேல் ஒட்டிக்கொள்ளும் சின்ன வடிகட்டி இருக்கிறது, வெளியே போகிற மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். நல்ல பொருள், ஆனால் தினமும் மாற்ற வேண்டும், எங்களிடம் வருகிற பலருக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு நான் சொல்வது பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, நாலு மடிப்பாக, குழந்தைக்குக் கட்டும் பிப் மாதிரி தைத்து, லேசாக நனைத்துக் கழுத்தில் தொங்கவிடுவது. தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நூல் பிரிகிற துணி வேண்டாம், நூல் உள்ளே போகும். ஓட்டையைச் சுற்றிப் பவுடர் போடவே கூடாது. முடிவெட்டப் போனால் கழுத்தை நன்றாக மூடச் சொல்லுங்கள். தலைக்கு மேல் சொம்பால் ஊற்றிக் குளிப்பது இனி கிடையாது, தோளுக்குக் கீழே ஊற்றிவிட்டுத் தலையைக் குனிந்து தனியாக அலச வேண்டும். ஆற்றில் குளத்தில் இறங்குவதை மறந்துவிடுங்கள். "கரையில நின்னு காலை நனைக்கலாம்ல?" என்று கேட்ட தாத்தாவிடம், ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் சரி என்றேன்.

ஊத முடியாது என்பதும் பலருக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும். பேத்தியின் பலூன், விசில், பிறந்தநாள் மெழுகுவர்த்தி எதுவும் ஆகாது. சூடான காபியையும் ஊதிக் குடிக்க முடியாது. டம்ளரும் டபராவும் வைத்து ஆற்றிக் குடிக்கிற ஊரில் பிறந்ததற்கு அந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மூச்சைத் தம் கட்டிச் செய்கிற வேலைகளும் கஷ்டமாகும், தண்ணீர்க் குடம் தூக்குவது தொடங்கி மலம் கழிப்பது வரை. வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுவேன்: வாழைப்பழம், கீரை, நிறையத் தண்ணீர், அப்படியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து.

அப்புறம் வாசனை. மூக்கில் நோயே இல்லை, ஆனால் காற்று அந்தப் பக்கம் போவதில்லை, அதனால் மணம் தெரியாது. மணம் போனால் ருசியில் பாதி போயிற்று. என்னிடம் வந்த ஒரு டீ மாஸ்டர், முப்பது வருடம் அடுப்படியில் நின்றவர், எதிரே கேஸ் கசிந்தும் தெரியாமல் நின்றிருக்கிறார். கடைப் பையன் ஓடிவந்து மூடியிருக்கிறான். பேச்சு போனபோதுகூட அழாத மனிதர் இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டும்போது அழுதார். பால் அடிப்பிடித்தால் தெரியாத ஆள் எப்படி மாஸ்டராக இருப்பது?

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, காசே ஆகாது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள புற்றுநோய் நிறுவனத்தில் ஹில்கர்ஸும் அவருடைய குழுவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெரியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கொட்டாவி வந்தால் உதட்டைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே விடுவோமே, அதேதான். உதடு மூடியிருக்க வேண்டும், தாடையும் நாக்கும் கீழே இறங்க வேண்டும். வாய்க்குள் இடம் பெரிதாகும்போது வெளிக்காற்று மூக்கு வழியாக உள்ளே இழுபடும். டக் டக்கென்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மல்லித்தழை, காபித்தூள், கற்பூரம் என்று வைத்துக்கொண்டு பழகச் சொல்வேன். எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை, ஆனால் வருகிறவர்களுக்கு அது சாப்பாட்டையே திருப்பிக் கொடுக்கிறது. இதை ஏன் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை கோபம்தான்.

சரி, பேச்சுக்கு வருவோம். ஷேவிங் மெஷின் அளவில் ஒரு அதிர்வுக் கருவி, கழுத்திலோ கன்னத்திலோ அழுத்திப் பிடித்து வாயை அசைத்தால் பேச்சு வரும். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். பிள்ளைகள் ரோபோ என்று சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். இதில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. கருவி எல்லா எழுத்தையும் அதிர வைத்துவிடும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், முதல் 'ப' அதிராது, 'ம்'-க்குப் பின்னால் வருகிற 'ப' அதிரும். கருவியில் இரண்டும் அதிர்ந்தே வரும், ஆனாலும் கேட்கிறவருக்கு அது பம்பரம்தான். பாட்டு, பாடு மாதிரி இடங்களில் மட்டும் வல்லினத்தை அழுத்தி நிறுத்திச் சொல்லப் பழக வேண்டும்.

இரண்டாவது, ஏப்பப் பேச்சு. காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது. காசு செலவில்லை, கையும் சும்மா இருக்கும், ஆனால் கற்க மாதக்கணக்கில் ஆகும், பலர் நடுவில் விட்டுவிடுவார்கள். உணவுக்குழாயில் நிற்கிற காற்றே 60 முதல் 80 மில்லிலிட்டர்தான், ஒரு மூச்சில் நாலைந்து அசை வரலாம். ப, த, க சொல்லும்போது உதடும் நாக்குமே காற்றைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால் அந்த எழுத்துகளில்தான் தொடங்குவோம். அதனால் என் அறையில் முதலில் பிறக்கிற சொல் 'அம்மா' இல்லை, 'தாத்தா', 'பாப்பா', 'பத்து'. 'ஹலோ' மட்டும் வரவே வராது, போனை எடுத்தால் 'சொல்லுங்க' என்று ஆரம்பிக்கச் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் சின்ன வால்வு. 1980 வாக்கில் அமெரிக்காவில் சிங்கர், பிளாம் என்ற இருவர் கொண்டுவந்த முறை. கட்டைவிரலால் கழுத்து ஓட்டையை மூடிக்கொண்டு மூச்சை விட்டால் காற்று வால்வு வழியாகத் தொண்டைக்குப் போய்ச் சத்தமாகும். நுரையீரல் காற்று முழுதும் கிடைப்பதால் நீளமாகப் பேசலாம். கட்டைக் குரல்தான், பெண்களைப் போனில் "சார்" என்பார்கள், அது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று வீட்டு ஆண்களுக்குப் புரிவதில்லை. வால்வு நிரந்தரம் இல்லை, சில மாதங்களில் பூஞ்சை படிந்து கசியும். தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால், கழுத்தில் காபி நிறம் தெரிந்தால், வால்வு கசிகிறது என்று பொருள், உடனே வாருங்கள். வால்வு கழன்று விழுந்தாலும் அன்றே வர வேண்டும், துளை வேகமாகச் சுருங்கிவிடும். விழுந்த வால்வையும் கையோடு கொண்டுவாருங்கள். அது கையில் இல்லை என்றால் நுரையீரலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். பெங்களூருவில் புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ், நண்பர் சஷாங்க் மகேஷோடு சேர்ந்து 'ஓம்' என்ற பெயரில் 50 ரூபாய்க்கு ஒன்று உருவாக்கினார். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். வலி, தண்ணீர், சளி எடுக்கணும், மூச்சு முட்டுது என்ற நாலு போதும். சிலேட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகர்கிற வார்டுகளைப் பார்த்திருக்கிறேன், சிலேட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இன்னொன்று, கட்டாயம் செய்ய வேண்டியது. மயங்கி விழுந்தால் வருகிறவர்கள் பழக்கத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கில்தான் வைப்பார்கள். அது நுரையீரலுக்குப் போகவே போகாது. "நான் கழுத்து வழியாகத்தான் மூச்சு விடுகிறேன், ஆக்ஸிஜன் கழுத்தில் கொடுக்கவும்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க் கழுத்து ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும், வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

கதிர்வீச்சும் எடுத்தவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள், சோர்வுக்கு மனசு மட்டும் காரணமாக இருக்காது. கழுத்து நெறிகட்டிகளையும் எடுத்திருந்தால் தோள் தொங்கும், பிசியோதெரபி வேண்டும். ஊனமுற்றோர் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பேச்சுக் குறைபாடு என்ற இடத்தில் குரல்வளை அகற்றம் பெயர் சொல்லியே இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால் அந்த வரியைக் காட்டுங்கள்.

டீ மாஸ்டர் மூன்று மாதம் கொட்டாவி பழகினார். வால்வும் வைத்தாயிற்று. போன மாதம் அவர் கடைக்குப் போனேன், பாய்லர் பக்கம் முதுகைக் காட்டி என்னோடு நின்றவர் திடீரென்று வாயை மூடிக்கொண்டு தாடையை இரண்டு முறை இறக்கினார், அப்புறம் கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "டேய், பால் தீயுது பாரு."