மொரால்: தமிழில் என்ன சொல்லலாம்?

"போலீஸ்காரர்களின் மொரால் குறைந்துவிடும்" என்று செய்தி விவாதங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு கூட்டத்தின் மனநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது (morale). ஒழுக்கத்தைக் குறிக்கும் 'மாரல்' (moral) வேறு, இது வேறு. ஆனால் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'மோஸ்' என்றால் வழக்கம், இயல்பு. அதன் வழியே பிரெஞ்சுக்கு இரண்டு சொற்கள் வந்தன: கடைசியில் 'ஈ' (e) எழுத்து இல்லாவிட்டால் மனநிலை, இருந்தால் ஒழுக்கநெறி. ஆங்கிலேயர் மனநிலைக்கான சொல்லை எடுத்துக்கொண்டு, கடைசி அசையை அழுத்திச் சொல்வதற்காக அந்த 'ஈ'யை ஒட்டிவிட்டார்கள். முதலில் படைவீரர்களைப் பற்றிப் பேசப் பயன்பட்டது, அப்புறம் அலுவலகங்களுக்கும் வந்தது.

சரி, தமிழில்? அகராதிகள் 'மன உறுதி' என்கின்றன. எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. ஏன் என்று ஹாங்காங்கை வைத்துச் சொல்கிறேன்.

ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் கையெழுத்திட்டது 1984 டிசம்பரில்; ஒப்படைத்தது 1997 ஜூலை 1-இல். இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளும் அரசு ஊழியர்களின் மொரால் ஒரு பெருங்கவலையாக இருந்தது. ஓய்வூதியம் வருமா, பணிமூப்பு நிற்குமா, மேலதிகாரி யார்? ஒப்படைப்புக்குப் பிறகு ஹாங்காங்கை ஆள்வதற்கென்று 1990-இல் சீனா வெளியிட்ட அடிப்படைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, சம்பளமும் சலுகைகளும் முன்பைவிடக் குறையாது என்று வாக்களித்தது. அதே ஆண்டு பிரிட்டன் 50,000 குடும்பங்களுக்கு முழுக் குடியுரிமை தரச் சட்டம் இயற்றியது. அரசு அதிகாரிகளுக்கும் காவல்துறையினருக்கும் அதில் இடம் இருந்தது. போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் பயமில்லாமல் இருப்பார்கள் என்பதுதான் கணக்கு.

அப்படியும் ஏராளமானோர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். வேலையை விட்டு, பெற்றோரை விட்டு, தெரியாத ஊரில் முதலிலிருந்து தொடங்க எவ்வளவு மன உறுதி வேண்டும்! அவர்களுக்கு அது குறையவே இல்லை. நாளைக்கும் இந்த நாற்காலி இங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் வரும் தெம்புதான் இல்லாமல் போனது.

'ஊக்கம்' நல்ல பழஞ்சொல். "உள்ளம் உடைமை உடைமை" என்ற குறளில் உள்ளம் என்பது ஊக்கமே. ஆனால் இன்று அது ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என வெளியிலிருந்து கொடுப்பதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஹாங்காங்கின் கான்டனீஸ் மொழியில் இதற்கு 'ஸி ஹேய்' என்பார்கள். 'ஸி' என்றால் வீரர், 'ஹேய்' என்றால் மூச்சு. ஒரு கூட்டமே சேர்ந்து விடும் மூச்சு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்குப் பக்கத்தில் வரும் நம் சொல் 'மனத்தெம்பு'. பேச்சில் வெறும் 'தெம்பு' போதும். 1997 ஜூன் 30 நள்ளிரவில் ஹாங்காங் காவலர்களின் தொப்பியில் கிரீடச் சின்னம் போய் மந்தாரைப் பூச் சின்னம் ஏறியது. அதே ஆட்கள்தான் காலையில் அதே தெருவில் பணிக்கு நின்றார்கள். அன்று அவர்களிடம் இருந்ததோ இல்லாததோ, அதை மனத்தெம்பு என்றே எழுதுவேன்.