அப்பா பெயர் மட்டும் போதும்

பள்ளித் தளம் ஒன்றில் ‘கட்டணம்’ என்று புதிதாக ஒரு பக்கம் எழுதி, ‘சேர்க்கை’ பக்கத்தின் கீழ் வைத்து வெளியிடுகிறீர்கள். தளத்தைத் திறந்து பார்த்தால், பக்கப் பட்டியலில் ‘சேர்க்கை’க்குக் கீழே அது வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டியலை நீங்கள் தொடவே இல்லை.

இந்த வசதி இல்லாத காலத்தில் நாற்பது பக்கத் தளம் ஒன்றைப் பராமரித்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்பிலும் மெனு கையால் எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சேர்த்தால் நாற்பதையும் திறந்து திருத்த வேண்டும். எப்படியும் இரண்டு விடுபடும். எந்த இரண்டு என்று வாசகர் யாராவது சொல்லித்தான் தெரியவரும்.

இப்போது அந்த வேலையைச் செய்வது யார்? 2003 மே மாதம் வெளிவந்த, இணையத்தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதில் இந்தப் பட்டியல் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. யாராவது தளத்துக்கு வரும்போது அந்த நொடியில் கட்டப்படுகிறது. கட்டுவதற்கு வேண்டிய ஒரே தகவல், ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘அப்பா யார்’ என்பது.

நம் பெயருக்கு முன்னால் வரும் இன்ஷியல் மாதிரிதான். யாரும் தன் பிள்ளைகளின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு திரிவதில்லை. பிள்ளைதான் அப்பா பெயரைச் சுமக்கிறது. ஊரில் எல்லோருடைய அப்பா பெயரும் தெரிந்துவிட்டால் வம்சாவளியை வரைந்துவிடலாம். புதிதாக ஒரு குழந்தை பிறந்தால் தாத்தாவின் ஆவணத்தைத் திருத்த வேண்டியதில்லை.

வேர்ட்பிரஸ்ஸின் தரவுத்தளத்தில் பக்கங்கள், பதிவுகள், படங்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண், தலைப்பு, நிலை (வெளியானதா, வரைவா), வரிசை எண் (பட்டியலில் எத்தனாவது இடம்), பெற்றோர் எண். ‘சேர்க்கை’ 17, அதன் பெற்றோர் எண் 0, அதாவது மேல்மட்டப் பக்கம். ‘கட்டணம்’ 23, பெற்றோர் 17. ‘விண்ணப்பம்’ 31, பெற்றோர் 17. எண்கள் ஏன் இப்படித் தாவுகின்றன என்று பலர் கேட்பதுண்டு. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படமும், திருத்தும்போது சேமிக்கப்படும் ஒவ்வொரு பழைய வடிவமும் அதே அட்டவணையில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

சரி, தட்டையான அட்டவணையிலிருந்து மரம் எப்படி வருகிறது? ஒவ்வொரு பக்கமாக எடுத்து, ‘உன் பிள்ளைகள் யார்’ என்று தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம். இருநூறு பக்கம் என்றால் இருநூறு கேள்வி, தளம் திணறிவிடும். வேர்ட்பிரஸ் அப்படிச் செய்வதில்லை. எல்லாப் பக்கங்களையும் ஒரே கேள்வியில் வாங்கி, அப்பா எண் வாரியாகக் குவியல் பிரிக்கிறது: 0 குவியல், 17 குவியல் என்று. பிறகு 0 குவியலில் தொடங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிவிட்டு, அதன் எண்ணில் குவியல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் உள்ளே இறங்கி அதே வேலையைத் திரும்பச் செய்கிறது. இந்த நிரல் பகுதிக்கு ‘வாக்கர்’ என்று பெயர். மரத்தில் ஏறி இறங்கி நடப்பதால் வந்த பெயர்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அநாதைகளின் கதை. ‘சேர்க்கை’ பக்கத்தை வரைவு நிலைக்கு மாற்றிவிட்டீர்கள். ‘கட்டணம்’ இன்னும் 17ஐத்தான் அப்பா என்கிறது, ஆனால் கைக்கு வந்த பக்கங்களில் 17 இல்லை. எத்தனை மட்டம் வரை என்று ஆழத்துக்கு வரம்பு வைக்காத பட்டியல் என்றால், நடை முடிந்த பிறகும் குவியலில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று வாக்கர் பார்த்து, அவர்களைக் கடைசியில் மேல்மட்டத்தில் சேர்த்துவிடுகிறது. மெனுவின் வால் பக்கம் திடீரென்று சம்பந்தமில்லாத பக்கம் ஒன்று முளைத்தால் முதலில் அதன் அப்பாவைத் தேடுங்கள்.

2010இல் வந்த 3.0 பதிப்பில் மெனுவை நாமே இழுத்து அடுக்கும் வசதி வந்தது. அழகான வசதிதான். ஆனால் அடுக்கியது அடுக்கியபடியே நிற்கும். புதுத் துணைப்பக்கம் தானாக அதில் ஏறாது. ‘இந்தப் பக்கத்தின் பிள்ளைகளை மட்டும் காட்டு’, ‘இந்த வகையில் கடைசியாக வந்த ஐந்தைக் காட்டு’ என்று கேட்பவர்களுக்குச் செருகுநிரல், அதாவது வேர்ட்பிரஸ்ஸோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல், கைகொடுக்கும்.

செருகுநிரல் வேர்ட்பிரஸ்ஸின் மூல நிரலில் கை வைப்பதில்லை. கோர்ட்டில் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, வேர்ட்பிரஸ் தன் வேலையின் நடுவே பல இடங்களில் நின்று ஒரு பெயரைக் கூப்பிடுகிறது. அந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கும் செருகுநிரல் எழுந்து வந்து, தயாராகிக்கொண்டிருக்கும் மெனுவை வாங்கி, தன் இணைப்புகளைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு ஹூக் என்று பெயர். இன்னொரு வழி, 2008இல் வந்த ஷார்ட்கோட்: கட்டுரையின் நடுவே சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதி வைத்தால், பக்கம் காட்டப்படும்போது அந்த இடத்தில் பட்டியல் வந்து நிற்கும்.

ஒவ்வொரு வருகைக்கும் புதிதாகக் கட்டுவது வீண் செலவு இல்லையா? செலவுதான். அதனால் நல்ல செருகுநிரல் கட்டிய பட்டியலைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்து, யாராவது ஒரு பக்கத்தைச் சேமிக்கும் நொடியில் அதைத் தூக்கி எறிகிறது. இங்கே ஒரு பொறி உண்டு. மெனுவில் ‘நீங்கள் இருக்கும் பக்கம்’ தடித்துக் காட்டப்படுகிறதே, அது பக்கத்துக்குப் பக்கம் மாறும். அடையாளம் போட்ட பட்டியலையே சேமித்துவிட்டால், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மெனு ‘நீ முகப்பில் இருக்கிறாய்’ என்று சாதிக்கும். சேமிக்க வேண்டியது வெறும் மரத்தை. அடையாளத்தைக் கடைசியில் ஒட்ட வேண்டும்.

அப்புறம், நம் மொழிக்கே உரிய ஒரு தலைவலி. பல செருகுநிரல்கள் தலைப்புகளை யுனிகோடு எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்) வரிசைப்படி அடுக்கிவிடுகின்றன. யுனிகோடில் ன, ந-வை ஒட்டியே வருகிறது. ழ, வ-வுக்கு முன்னால் நிற்கிறது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அகராதியில் ‘பவளம்’ முதலில், ‘பழம்’ பிறகு. எண் வரிசையில் தலைகீழ். ‘அக்கா’வுக்கு முன்னால் ‘அகம்’ வந்துவிடும். செருகுநிரல் எழுதுபவர் தமிழுக்கான வரிசை விதிகள் தெரிந்த கொலேட்டர் என்ற வரிசைப்படுத்தும் நிரலைக் கூப்பிட்டால் தீர்ந்தது. கூப்பிடாத செருகுநிரல் வாய்த்தால், நான் வரிசை எண்ணைக் கையால் போட்டுக்கொள்கிறேன். 1, 2, 3 என்று போடுவதில்லை. 10, 20, 30. நாளைக்கு நடுவில் ஒன்று நுழைக்க இடம் வேண்டுமே.