அத்தி எங்கே பூக்கிறது?

சின்ன வயதில் ஆற்றங்கரை அத்தி மரத்தில் காய் பறித்துப் பிட்டுப் பார்ப்போம். உள்ளேயிருந்து பொடிப்பொடியாகப் பூச்சிகள் கிளம்பும். "அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்று பாட்டி தூக்கி எறியச் சொல்வார். எப்போதாவது வரும் உறவுக்காரர்களை "அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே" என்று வரவேற்பவரும் அவர்தான். இந்த இரண்டு சொலவடைகளுக்கும் வேர் ஒன்றே என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தியின் பூ கண்ணில் படாததும், பழத்துக்குள் பூச்சி இருப்பதும் ஒரே கதை.

அத்தி நன்றாகவே பூக்கிறது. நாம் காய் என்று நினைப்பதற்குள்ளே பூக்கிறது. வெற்றிலை பாக்கு வைக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறச் சுவர் முழுக்கப் பூ வேலை செய்து, வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் அதுதான் அத்திக்காய். காம்புக்கு எதிர்முனையில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதையும் செதில்கள் அடைத்திருக்கும். தேனீ, வண்ணத்துப்பூச்சி எதுவும் உள்ளே போக முடியாது.

போகக்கூடியது ஒரு குளவி. நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். நம் ஊர் அத்திக்கு வருவதன் பெயர் செரட்டோசோலன் ஃபஸ்கிசெப்ஸ். உள்ளே பெண் பூக்கள் தயாரானதும் காயிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வரும் பெண் குளவி, செதில்களுக்கு நடுவே உடம்பை நெருக்கித் திணித்து நுழைகிறது. அந்த வழி அவ்வளவு இடுக்கு. இறக்கைகள் பிய்ந்துபோகும், உணர்கொம்பும் முறியும்.

இருட்டுக்குள் அது இரண்டு வேலை செய்கிறது. சில பூக்களின் சூலில் ஒவ்வொரு முட்டையாக இடுகிறது. அதோடு, தான் பிறந்த காயிலிருந்து மார்புப் பைகளில் நிரப்பிக்கொண்டு வந்த மகரந்தத்தை முன்கால்களால் எடுத்துச் சூல்முடிகளில் வைக்கிறது. தேனீ பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது தற்செயல். இந்தக் குளவி அதற்கென்றே பை வைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் அங்கேயே சாகிறது.

சில வாரங்கள் கழித்து முதலில் வெளிவருபவை ஆண் குளவிகள். இறக்கை கிடையாது. இன்னும் பூவுக்குள் அடைபட்டிருக்கும் பெண்களோடு கூடி, பிறகு காயின் சுவரைக் கடித்து வெளியே ஒரு வழி வெட்டும். அதோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் உள்ளே ஆண் பூக்கள் முதிர்கின்றன. பெண் குளவிகள் மகரந்தத்தை நிரப்பிக்கொண்டு அந்த வழியாகப் பறக்கின்றன. அதற்கப்புறம்தான் காய் கனிந்து சிவக்கிறது.

சரி, எல்லாப் பூவிலும் முட்டை இட்டுவிட்டால் மரத்துக்கு விதை எப்படிக் கிடைக்கும்? என்னை மிகவும் யோசிக்க வைத்த கேள்வி இது. ஒரு விடை எதிரிகளிடம் இருக்கிறது. உள்ளேயே நுழையாமல், காயின் வெளிப்புறத்தில் உட்கார்ந்து, நீண்ட ஊசி போன்ற உறுப்பால் சுவரைத் துளைத்து முட்டையிடும் வேறு குளவிகளும் உண்டு. மகரந்தம் கொண்டுவராத திருட்டு விருந்தாளிகள். அவற்றின் புழுக்கள் உள்ளே வளரும் குளவிக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். அவற்றில் ஒன்றின் ஊசி முனையில் துத்தநாகம் சேர்ந்து கெட்டிப்பட்டிருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014-இல் கண்டறிந்தார்கள். இப்படிப்பட்ட ஊசிகள் சுவரை ஒட்டிய பூக்களை எளிதில் எட்டும், நடுப்பக்கம் தள்ளியிருக்கும் பூக்களை எட்டுவது சிரமம். அதனால் நடுவில் இட்ட முட்டைகளே பெரும்பாலும் பிழைக்கின்றன. பெண் குளவி பெரும்பாலும் முட்டையிடாமல் விடும் சுவரோரப் பூக்கள் விதையாகின்றன. இந்தத் துளைப்பான்களை விரட்ட ஆளும் இருக்கிறது. காய்களின் மேல் முசுறு எறும்புகள் நடமாடினால் அவை நிம்மதியாக உட்கார்ந்து துளைக்க முடியாது.

மரமும் சும்மா இருப்பதில்லை. குளவி மகரந்தம் இல்லாமல் வந்து முட்டை மட்டும் இட்டால், சில அத்தி இனங்கள் அந்தக் காயையே உதிர்த்துவிடுகின்றன. உள்ளிருக்கும் புழுக்களும் அதோடு போகும். பனாமாவில் நடந்த சோதனைகளை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது.

ஆல், அரசு என்று இந்தக் குடும்பத்தில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி. குளவி இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியா விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுவந்து நட்டார்கள். காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. 1899-இல் குளவியையும் கொண்டுவந்த பிறகே பழம் கிடைத்தது.

வெளியேறும் பெண் குளவிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் வேறொரு மரத்தில் சரியான பருவத்துக் காயைப் பிடிக்க வேண்டும். தானாகப் பறந்தால் எட்டாது. மரத்துக்கு மேலே எழும்பிக் காற்றில் ஏறிக்கொள்கிறது. நமீபியப் பாலைவனத்தில் 160 கிலோமீட்டர் தள்ளியுள்ள மரங்களுக்கிடையே கூட மகரந்தம் இப்படிப் போயிருக்கிறது. அப்படிப் போய்ச் சேரும்போது அங்கே ஏதாவது ஒரு மரம் தயாராக இருக்க வேண்டுமே! அதனால்தான் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஆளுக்கொரு மாதம் காய்க்கின்றன. காட்டில் மற்ற மரங்களில் பழம் ஓய்ந்த நாட்களிலும் எங்கோ ஓர் அத்தியோ ஆலோ பழுத்து நிற்கிறது. பகலில் குக்குறுவானும் பச்சைப்புறாவும் குரங்கும், ஆனைமலைக் காடுகளில் இருவாச்சியும் அதைத் தேடி வருகின்றன. இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன.