தக்காளி தேயிலை இல்லை

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த தக்காளிப் பாத்தியைக் காட்ட ஓர் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தோள் உயரத்துக்குச் செடிகள். தண்டு பெருவிரல் மொத்தம், இலை கரும்பச்சையாக உள்பக்கம் சுருண்டிருந்தது. நாற்று நட்டு இரண்டரை மாதம். வந்த இரண்டு கொத்துப் பூவும் கொட்டிவிட்டதாம்.

“என்ன நோய் சேர்? மருந்து ஒன்று எழுதித் தாங்க.”

“என்ன உரம் போட்டீங்க அக்கா?”

“தேயிலைக்குப் போடுறதுதான். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கோழி எருவும் போட்டேன்.”

விவசாயப் போதனாசிரியராக இந்தப் பக்கம் சுற்றும் எனக்கு இது பழகிய பதில். செடிக்கு நோய் இல்லை, தீனி கூடிப்போச்சு. தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. அதனால் தேயிலைக் கலவையில் நைதரசன் தூக்கலாக இருக்கும். அதே உரம் தக்காளிக்குப் போனால் அதுவும் இலையாகவே தள்ளும். கோழி எருவிலும் நைதரசன் அதிகம். இயற்கை எருதானே என்று அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். இப்படியான செடிக்கு யூரியா போன்ற நைதரசன் உரத்தை உடனே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொட்டாஷ் உரம் போட்டு, தண்ணீரையும் அளவாக விட்டு, இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும்.

அந்த அக்கா இன்னொன்றும் செய்திருந்தார். பேசிக்கொண்டே, கை தன்பாட்டில் செடியின் நுனியைக் கிள்ளியது. இருபது வருடம் கொழுந்து எடுத்த கை! கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இலைக்கு நடுவே கடுகு மாதிரி நாலைந்து மொட்டு. தக்காளியில் இலைக்கக்கத்தில் வரும் பக்கக்கிளையைக் கிள்ளலாம். பூக்கொத்து அங்கே வராது. இரண்டு இலைக்கு இடையில் தண்டிலிருந்தே வரும். குட்டையாக வளரும் இனம் என்றால் பக்கக்கிளையிலும் கை வைக்காதீர்கள், காயே அதில்தான்.

சரி, வந்த பூ ஏன் கொட்டியது? அதற்குக் குளிர்தான் காரணம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும், சில விடியலில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவில் 15 முதல் 20 பாகை வரை வேண்டும். 13க்குக் கீழே போனால் மகரந்தம் கெடத் தொடங்கும். மகரந்தம் உருவாவது மொட்டுக்குள், பூ விரிய ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாளுக்கு முன். ஆகவே இன்று கொட்டும் பூவுக்கு நேற்றைய குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொட்டிய பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அது மஞ்சளாகி, அந்த இடத்திலேயே கழன்றிருக்கும். காய் பிடித்த பூவில் இதழ் காய்ந்தாலும் கீழே பச்சை மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

திறந்த வெளியில் நடுகிறவர்களுக்கு நான் சொல்வது, ஜனவரிக் கடைசியில் விதை போடுங்கள் என்பதுதான். பூ வரும்போது மார்ச் கடைசி, ஏப்ரல் ஆகிவிடும். ஊருக்கு உல்லாசப் பயணிகள் வரும் அந்த நாட்களில்தான் தக்காளிக்கும் கொஞ்சம் கதகதப்பு. மே கடைசியில் தென்மேற்கு மழை வந்துவிட்டால் இலை கருகும் வெளிறல் நோயோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

டனலுக்குள், அதாவது பிளாஸ்டிக் சீலை போட்ட கூடாரத்துக்குள், வளர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. பக்கத்துச் சீலையை இறக்கியே வைத்தால் வெயில் நேரத்தில் உள்ளே 35 பாகை தாண்டும், அந்தச் சூட்டிலும் பூ கொட்டும். அத்தோடு உள்ளே காற்றும் இல்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் யாராவது அசைத்துவிட வேண்டும். வெளியே காற்றும், ரீங்காரம் போட்டுப் பூவை உலுக்கும் கருவண்டும் அதைச் செய்துவிடும். டனலுக்குள் அது உங்கள் வேலை. காலைப் பனிமூட்டம் கலைந்து பூ உலர்ந்ததும், பத்து மணிக்கு மேல், செடி கட்டிய கயிற்றை விரலால் தட்டினால் போதும்.

நிழல் மரத்தடியில் நடுவதும் தேயிலைப் பழக்கம்தான். தக்காளிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மண்ணும் அப்படியே. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், தக்காளிக்கு 6க்கு மேல். நடுவதற்குச் சில கிழமைக்கு முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கொத்திவிடுங்கள். அப்புறம், கடையில் தரும் பூ டொனிக். சிலதில் ஹோர்மோன் இருக்கும். காய் பிடிக்கும், ஆனால் அளவு தப்பினால் உள்ளே பொந்தாக, விதையில்லாமல் இருக்கும். முதலில் உரத்தைச் சரிசெய்யாமல் அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏப்ரலில் திரும்பப் போனபோது அந்த அக்காவின் செடியில் மேலே வந்த ஒரு கொத்தில் ஐந்து காய் நின்றது. “இன்னும் கிள்ளத்தான் சேர் கை போகுது” என்றார்.