ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா: மாலைக்கண் என்று சொன்னால் போதுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய என் சித்தப்பாவுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டு என்றாலே பயம். மற்றவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் மளமளவென்று போய்விடுவார்கள். இவர் அதே விளக்கோடு கால்வாயில் விழுவார். விடிந்துவிட்டால் எல்லாம் சரி. மரம் காயப்படாமல் பட்டையைச் சீவுவார். மத்தியானம் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊசியில் தானே நூல் கோத்துச் சட்டைக்குப் பொத்தான் தைப்பார். தைத்து முடித்து எழுந்ததும் பக்கத்தில் இருக்கும் வாளியை உதைத்துத் தள்ளுவார். “ஊசிக்காது தெரியுது, இம்மாம் பெரிய வாளி தெரியலையா?” என்று லயமே கேட்டது. வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்றார் கங்காணி.

வீட்டில் அதற்கு மாலைக்கண் என்று பெயர். மலாய்க்கார நண்பர்கள் ‘ரபுன் ஆயாம்’ என்றார்கள். ஆயாம் என்றால் கோழி. பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாது என்பதால் வந்த பெயர். சித்தி முருங்கைக்கீரையும் ஈரலுமாக ஆக்கிப் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. பல வருடம் கழித்து ஈப்போவில் ஒரு கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த பெயர்தான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். ரெட்டினா என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் வலையைக் குறிக்கும் ‘ரேட்டே’. கண்ணின் உட்புறத்து மெல்லிய படலத்தைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் வீச்சுவலைக்கு ஒப்பிட்டார்கள். அரபு மருத்துவர்கள் அதை வலைப்படலம் என்று எழுத, அரபியிலிருந்து லத்தீனுக்கு அந்த வலை போய்ச் சேர்ந்தது. தமிழ் வலையை எடுத்துக்கொள்ளவில்லை, திரையை எடுத்துக்கொண்டது. திரை என்றால் அலை, தோல் சுருக்கம், தொங்கும் சீலை. படம் விழும் வெண்திரையும் அதுதான். வெளியுலகம் படமாக விழும் இடம் என்பதால் விழித்திரை. அந்தப் படலம் எப்படி இருக்கிறது என்பதை வலை சொல்கிறது, அது என்ன செய்கிறது என்பதைத் திரை சொல்கிறது. எனக்குத் தமிழ்ச் சொல்தான் மேல்.

பிக்மென்ட் என்றால் நிறமி. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகு, உயிரோடு இருப்பவரின் விழித்திரையைப் பார்க்க முடிந்தது. இந்த நோயாளிகளின் விழித்திரை ஓரங்களில் எலும்புச் சிலாம்பு சிதறினாற்போல் கருநிறமி படிந்திருந்தது. 1857-இல் டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் இந்தப் பெயரை வைத்தார்.

கோளாறு ‘ஐட்டிஸ்’ என்ற வாலில் இருக்கிறது. அதற்கு அழற்சி என்று பொருள். ஆனால் நோய்க்கு மூலம் அழற்சி அல்ல. மரபணுப் பிழையால் ஒளியுணரும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பெயர் பழகிப்போனதால் உலகம் அதை மாற்றவில்லை. நாம் அப்படியே பெயர்த்து ‘நிறமி விழித்திரை அழற்சி’ என்று எழுதினால், அந்தத் தவறையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். சொட்டு மருந்து விட்டால் அழற்சி தணியும் என்று ஒரு குடும்பம் காத்துக்கிடக்கும். ‘விழித்திரை நிறமிச் சிதைவு’ என்பதே சரி.

சரி, மாலைக்கண் என்ற சொல் ஏன் போதாது? அது முதல் படியை மட்டும்தான் சொல்கிறது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கு வேலை செய்யும் கோல் செல்கள் 90 மில்லியனுக்கு மேல். நிறத்துக்கும் கூர்மைக்குமான கூம்பு செல்கள் ஆறு மில்லியன் அளவில், நடுவில் நெருக்கமாக இருக்கின்றன. பெரும்பாலும் முதலில் சாவது கோல்கள். அதனால் இருட்டு முதலில் போகிறது. அப்புறம் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வளையமாகப் பார்வை அழிந்து, அந்த வளையம் இரு பக்கமும் பரவுகிறது. கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. ஊசிக்காது தெரிந்து வாளி தெரியாமல் போனது இப்படித்தான். கோல்கள் போனபின் அவற்றை நம்பியிருக்கும் கூம்புகளும் வாடுகின்றன. எவ்வளவு வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்; ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே மாறும்.

வைட்டமின் ஏ குறைவாலும் மாலைக்கண் வரும். அதைக் கொடுத்தால் அது தீரும். நிறமிச் சிதைவு அப்படித் தீராது. மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையை அள்ளிப் போட்டால் ஈரலுக்குக் கேடு. எனவே இரவில் தடுமாறும் பிள்ளைக்குக் கீரை கொடுங்கள், கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயோடு சேர்ந்து வரும் கண்புரையையும் விழித்திரையின் நடுப்பகுதி வீக்கத்தையும் பல வேளைகளில் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் 2017-இல் அமெரிக்கா ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி தந்தது. காரணமாகும் மரபணுக்களோ 80-க்கும் மேல்.

‘பரம்பரை’ என்ற சொல்லும் எங்கள் வீட்டில் சண்டை மூட்டியது. “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே” என்று பாட்டி சித்தியைப் பார்த்துச் சொன்னார், கட்டிக்கொண்டு வந்தவள் கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்பதுபோல. தாய் தகப்பன் இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைத் தெரியாமலே சுமந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும் வகையும் உண்டு. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இது கூடுதலாக நேரும். பாட்டி தாத்தாவுக்கு அத்தை மகள்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல், பார்வைப்புலம்: தலையைத் திருப்பாமல், நேரே பார்த்தபடி கண் பிடிக்கும் பரப்பு. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும் சோதனை இதை அளக்காது. பலகையின் சின்ன எழுத்தைச் சித்தப்பா வாசித்துவிட்டார் என்பதற்காகவே ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையிலோ, நடுவிலிருந்து 10 டிகிரிக்குள் புலம் சுருங்கிவிட்டால் எழுத்து தெரிந்தாலும் அது பார்வையின்மைதான். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பாரம் நிரப்பும்போது, புலச் சோதனையில் வந்த டிகிரியையும் எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.