புரண்டு படுத்தால் உலகம் சுற்றுவது ஏன்?

விடியற்காலை நான்கு மணி இருக்கும். அம்மா வலப்பக்கம் புரண்டு படுத்தார். மின்விசிறி, பீரோ, ஜன்னல் எல்லாம் கிளம்பிச் சுழன்றன. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது, குமட்டல் மட்டும் பாக்கி. விடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. பக்கத்து வீட்டு அக்கா பித்தம் என்றார், தம்பி சுகர் இறங்கியிருக்கும் என்றான், நான் பி.பி. என்றேன். பார்த்தால் இரண்டும் சரியாக இருந்தன. சரி, கொஞ்ச நேரம் படுங்கள் என்றோம். படுக்கப் போனதும் மறுபடி சுற்றியது.

துப்பு அதில்தான் இருக்கிறது. பி.பி. இறங்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்; படுத்தால் சரியாகும். இங்கே படுப்பதே சுற்ற வைக்கிறது. புரள்வது, குனிவது, பரணில் இருப்பதை எடுக்க அண்ணாந்து பார்ப்பது என்று தலையின் நிலை மாறும்போதெல்லாம் சில நொடிகள் சுற்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதைத்தான். இப்படித் தலையின் நிலை மாறும்போது வந்துபோகும் சுற்றலை மருத்துவர்கள் சுருக்கமாக பிபிபிவி (BPPV) என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம்.

உட்செவியில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதன் தரையில் பாகு போன்ற ஒரு படலம், அதன்மேல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் ஆயிரக்கணக்கான கற்கள். முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ, அதே கால்சியம் கார்பனேட்தான். தலை சாய்ந்தால் இவை தம் எடையால் சரியும். அதை வைத்துத்தான் கீழே எது, மேலே எது என்று மூளை தெரிந்துகொள்கிறது. பஸ் சட்டென்று கிளம்புவதை கண்ணை மூடியிருந்தாலும் உணர்கிறோமே, அதுவும் இவற்றின் வேலை.

அந்தப் பையிலிருந்து மூன்று அரைவட்டக் குழல்கள் கிளம்புகின்றன. உள்ளே திரவம், ஒரு முனையில் பாகாலான சிறு கதவு. தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கி அந்தக் கதவைத் தள்ளும். ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் செய்தி போகும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றபின்னும் வாசல் சுற்றியது, நாம் நின்ற பிறகும் அந்தத் திரவம் நிற்காததால்தான்.

வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ கற்களில் சில உதிரும். உதிர்ந்தவை குழலுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள், போய்விட்டால் வந்தது வினை. நாம் படுத்ததும் அவை சரிவில் உருண்டு திரவத்தையும் இழுத்துச் செல்கின்றன. ஒரு காது சுற்றுகிறோம் என்கிறது, மற்றக் காது இல்லை என்கிறது. மூளை குழம்ப, விழிகள் துடிக்கின்றன, உலகம் சுழல்கிறது. கல் உருளத் தொடங்கச் சில நொடி ஆவதால் சுற்றலும் சற்றுத் தாமதித்தே வரும். கல் அடியில் தங்கியதும், பொதுவாக ஒரு நிமிடத்துக்குள், அடங்கிவிடும்.

1914க்கான நோபல் பரிசு கிடைத்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த காது மருத்துவர் ராபர்ட் பாரானிதான் இந்தக் கோளாறை 1921இல் விவரித்தவர். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952இல் எழுதினார்கள். கல் வழி தவறிப் போயிருக்கிறது என்றால் வந்த வழியே உருட்டிவிடலாமே என்று யோசித்தவர் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருந்த காது மருத்துவர் ஜான் எப்ளி. மருந்தில்லாமல் தலையைத் திருப்பியே குணமாக்குவதா என்று முதலில் நம்பாதவர்கள் பலர். அவருடைய முறை விரிவாக அச்சில் வந்தது 1992இல்.

அம்மாவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, விறுவிறுவென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அம்மாவின் கண்கள் துடிக்க ஆரம்பித்தன. கோளாறு வலது காதில். துடிப்பு அடங்கியதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி நிறுத்தினார். அப்புறம் உடம்போடு இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குமேல் காத்திருப்பு. வளைந்த குழாய்க்குள் மாட்டிய கோலிகுண்டைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுப்பதைப் போலத்தான். கல் மறுபடி பைக்குள் விழுந்துவிடும்.

தலைச்சுற்றல் மாத்திரை குமட்டலைக் குறைக்கலாம், கல்லை நகர்த்தாது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதற்காக வீடியோ பார்த்துவிட்டு நாமே தலையைத் திருப்பவும் கூடாது. எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிய வேண்டும். கழுத்து, முதுகில் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது ஆகாமலும் போகலாம்.

பேச்சு குழறினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் பலமிழந்தாலோ, நிற்கவே முடியாமல் விடாது சுற்றினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. காது மந்தமாகி இரைச்சலும் சேர்ந்தால் அது வேறு நோய், தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இது சிலருக்குச் சில வாரங்களில் தானாகவும் சரியாகும்; பலருக்குத் திரும்பியும் வரும். அம்மாவுக்கு அன்றைக்கே நின்றது. படியிறங்கும்போது பையைத் துழாவினார். “ஒரு மாத்திரைகூட எழுதலையேடா, தலையைத் திருப்பினதுக்கா ஐந்நூறு ரூபாய்?”