ஜமீன், இனாம் ஆவணம் தேடுகிறீர்களா? "ரெக்கார்டு இல்லை" என்பதை எழுதி வாங்குங்கள்

இனாம் (மன்னர்களோ அரசோ மானியமாகக் கொடுத்த) நிலமோ ஜமீன் கிராமமோ, பட்டாவில் தகராறு வந்துவிட்டால் "ஆதி ரெக்கார்டைக் கொண்டு வாங்க" என்பார்கள். அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எழுபதைத் தாண்டியவர்களைத் தாலுகா ஆபீஸிலிருந்து கலெக்டரேட்டுக்கும், அங்கிருந்து எழும்பூருக்கும், மறுபடி தாலுகாவுக்கும் அலையவிடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1909-ல் சென்னை ரெக்கார்டு ஆபீஸாக எழும்பூரில் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், 1858-ல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் எல்லாம் அங்கே உண்டு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம், நிர்வாகத்துக்குத் தேவையான கணக்கு, பட்டா, முச்சலிக்கை (குடியானவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்), வரைபடங்களை ஜமீனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. ஆகவே "அரண்மனையில போய்க் கேளுங்க" என்று யாராவது கைகாட்டினால் அப்படியே கிளம்பிவிடாதீர்கள்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது ஊர்ப் பெயரில். பதிவேடு அந்தக் கால மாவட்டம், தாலுகா, கிராமம் என்றுதான் இருக்கும். நாமக்கல்லைச் சேலத்திலும், திண்டுக்கல்லை மதுரையிலும், கள்ளக்குறிச்சியைத் தென்னாற்காட்டிலும் தேட வேண்டும். இன்றைய சர்வே எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும், காரணம்கூடச் சொல்லாமல். இனாம் நிலம் என்றால் டைட்டில் டீட் (இனாம் கமிஷன் கொடுத்த உரிமைப் பத்திரம்) எண் வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சொத்து விவரத்துக்கு நடுவே "டி.டி. நெ." என்று பொடியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், கன்னியாகுமரி முதலில் திருவிதாங்கூர், 1949-லிருந்து 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. எழும்பூருக்கு ரயில் ஏறும் முன் இதை யோசியுங்கள். திருவிதாங்கூர் காலத்துக்குத் திருவனந்தபுரத்தில்தான் கேட்க வேண்டும்.

சரி, "இங்கே இல்லை, வேற ஆபீஸ் போச்சு" என்கிறார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, எழுத்தில் பதில் கேட்டு மனு போடுங்கள். அப்புறம் அலைய வேண்டியது நீங்கள் அல்ல: பிரிவு 6(3)-ன்படி, தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே மனுவை அங்கே அனுப்ப வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும், சான்றிட்ட நகலும் சேர்த்தே கேளுங்கள். "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் விட்டுவிட வேண்டாம், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது, தேடிப் பார்க்கவும் தேவைப்பட்டால் விசாரிக்கவும் வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 1993 பொது ஆவணச் சட்டத்தை நீட்டிச் சண்டை போடாதீர்கள், அது மத்திய அரசு, யூனியன் பிரதேச ஆவணங்களுக்கானது. வெளியே புரோக்கர் தரும் ஜெராக்ஸுக்கும் காசைக் கொட்டாதீர்கள், கோர்ட்டில் சான்றிட்ட நகலைத்தான் கேட்பார்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேறு தலைவலி. காப்பகத்தில் கொடுக்கும் பல்கலைக்கழகக் கடிதத்தில் ஆய்வுத் தலைப்பைக் குறுக்கி எழுதிவிட்டால், பக்கத்துக் கோப்பைக் கேட்கும்போது "உங்க தலைப்புல இது வராதே" என்பார்கள். தலைப்பையும் கால எல்லையையும் கொஞ்சம் தாராளமாகவே போடச் சொல்லுங்கள். துறை, அரசாணை எண், தேதி இல்லாமல் கோப்புக் கட்டு வெளியே வராது என்பதால் முதலில் அட்டவணைத் தொகுதிகளோடு உட்காருங்கள்.

கடைசியாக, பழைய ஜமீன் குடும்பங்களுக்கு. வீட்டில் இருக்கும் சனதையும் (ஜமீன் உரிமை தந்த அரசுப் பத்திரம்) கடிதங்களையும் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. 75 ஆண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான். ஆராய்ச்சிக்கு என்று யார் கேட்டாலும் அசலைக் கையில் கொடுக்காமல் வீட்டிலேயே உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காப்பகத்துக்கு நன்கொடையாகக் கொடுப்பதானால் பட்டியல் இரண்டு பிரதி போட்டு, ஒன்றில் சீலோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு, குடும்பத்தார் எப்போதும் நகல் எடுக்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் போய்க் கேட்டால் "அப்படி விதி இல்லையே" என்பார்கள்.